சின்னக் காலேஜ், பாஸ்கெட்பால், படிப்பு: மூன்றும் சேர்ந்து வருமா?

ஜூன் 7, 2025
கேள்வி (எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அப்பா)

மகன் பதினொன்றாம் வகுப்பு முடிக்கிறான். ஆறடி ஒரு அங்குலம், பாயிண்ட் கார்டு (பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவன்), பள்ளி வார்சிட்டி (முதன்மை) டீமில் ஸ்டார்ட்டர். ஜிபிஏ 3.9, எஸ்ஏடி 1480. பயாலஜி அல்லது கம்ப்யூட்டர் சயன்ஸ் என்கிறான். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1இலிருந்து அழைப்பு வராது என்று அவனுக்கே தெரியும். சின்னக் காலேஜில் சேர்ந்து ஆடவும் வேண்டும், நன்றாகப் படிக்கவும் வேண்டும் என்று நிற்கிறான். வீட்டில் எல்லோரும் "பேர் தெரியாத காலேஜுக்கு வருஷம் தொண்ணூறாயிரம் டாலரா? இங்கேயே அரசுப் பல்கலைக்கழகம் ரட்கர்ஸ் போகட்டும், சாயங்காலம் பந்து ஆடிக்கொள்ளட்டும்" என்கிறார்கள். பள்ளிக்கு வெளியே அவன் ஆடும் ஏஏயூ கிளப்பின் கோச்சோ "டிவிஷன் 3யில் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவார்கள்" என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

ஜூன் 7, இரவு

ஸ்காலர்ஷிப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். டிவிஷன் 3 (டி3) என்பது சின்னக் காலேஜ்கள் அதிகம் ஆடும் பிரிவு, அங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. அது விதி. டிவிஷன் 1, டிவிஷன் 2, என்ஏஐஏ என்ற தனி விளையாட்டுச் சங்கத்தின் காலேஜ்கள், ஜூனியர் காலேஜ் இங்கெல்லாம் தரலாம். டி3யில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, எதிலும் கிடையாது.

அங்கே பணம் இரண்டு வழியில்தான் வரும். ஒன்று, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி. இன்னொன்று, மதிப்பெண்ணுக்கும் மற்ற திறமைகளுக்கும் தரும் மெரிட் உதவி. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் இரண்டாவது கிடையாது. வருமானம் மட்டும்தான் கணக்கு. ஓஹியோவின் வூஸ்டர், டெனிசன், அயோவாவின் கிரின்னல் போன்ற இடங்களில் மெரிட் உண்டு. மகன் அங்கே நன்றாகவே வாங்கலாம், ஆனால் அது அவனுடைய 3.9க்காக வருவது, பந்தைத் தட்டிக் கைமாற்றி ஏமாற்றும் கிராஸ்ஓவருக்காக வருவதில்லை.

கோச்சிடம் பணம் இல்லை. அட்மிஷன் ஆபீஸில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. நுழைவதே கடினமான காலேஜில் அது பெரிய விஷயம், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இன்றே செய்ய வேண்டியது: ஒவ்வொரு காலேஜின் வலைத்தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது ஏறக்குறைய எவ்வளவு என்று அது காட்டும். வருமானம், வீடு, சேமிப்பு எல்லாம் போட்டுப் பாருங்கள். மகன் மனதை ஓரிடத்தில் வைப்பதற்கு முன்னால் பாருங்கள். அப்புறம் பார்த்தால் வீட்டில் அழுகைதான் மிஞ்சும்.

ஜூன் 8

ரட்கர்ஸ் இல்லையென்றால் தொண்ணூறாயிரம் என்று ஏன் இரண்டே வழியாகப் பார்க்கிறீர்கள்? உங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் டிசிஎன்ஜே (தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி) இருக்கிறது. அரசுக் கல்லூரி, டி3, நல்ல பயாலஜி, இஞ்சினியரிங்கும் உண்டு. ரோவனும் அப்படித்தான். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு மொத்தச் செலவு அந்தத் தொண்ணூறில் பாதிக்கும் கீழே. ஹோபோக்கனில் ஸ்டீவன்ஸ் இருக்கிறது. அது தனியார், டி3, முழுக்க இஞ்சினியரிங் மணம்.

டி3 என்றாலே செங்கல் கட்டடமும் ஐவிக் கொடியுமாகக் கற்பனை செய்வது நம் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. விஸ்கான்சினின் அரசுக் கல்லூரிகள்தான் டி3 ஆட்டத்தின் கோட்டை. பிளாட்வில் 1991, 1995, 1998, 1999 என்று நான்கு முறை தேசியப் பட்டம் வென்றது, அதே பிளாட்வில்லில் நல்ல இஞ்சினியரிங் படிப்பும் இருக்கிறது. ஒயிட்வாட்டரும் நான்கு பட்டம். 2023இல் வென்ற கிறிஸ்டோபர் நியூபோர்ட், வர்ஜீனியாவின் அரசுப் பல்கலைக்கழகம்.

ஜூன் 10

"பேர் தெரியாத காலேஜ்" என்பதற்கு வருகிறேன். என் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடியது. ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "அது யூனிவர்சிட்டி இல்லையா?" என்பதுதான். ஒருவர் "ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?" என்று வருத்தத்தோடு கேட்டார். எனக்குக் கோபமே வந்தது. பையன் இரவு பன்னிரண்டு மணிக்கு பிராப்ளம் செட் போட்டுவிட்டுக் காலையில் எழுந்து ஷூட்டிங் போகிறவன்.

என் மகன் இப்போது பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறான், டீமிலும் இருக்கிறான். காலேஜ் பெயரை இங்கே போட விருப்பமில்லை, அது அவன் வாழ்க்கை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் வருடத்திலேயே அவனுடைய பேராசிரியருக்கு அவன் பெயர் தெரியும், எந்த இடத்தில் குழம்புவான் என்றும் தெரியும். அங்கே முதுகலை மாணவர்கள் இல்லை. அதனால் லேபில் ஆராய்ச்சி என்றால் அதைச் செய்வது இளங்கலைப் பையன்கள்தான். பெரிய பல்கலைக்கழகத்தில் நுழைந்திருந்தால் அந்த மெஷினைத் தொட மூன்றாம் வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்கள்.

வில்லியம்ஸில் ட்யூட்டோரியல் என்றொரு முறை இருக்கிறது. இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவன் கட்டுரை எழுதி வருவான், இன்னொருவன் அதை அலசுவான். அடுத்த வாரம் மாறும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. கிரின்னலில் முதல் செமஸ்டரில் ஒரு வகுப்பு மட்டும்தான் எல்லோருக்கும் கட்டாயம், மீதியை ஆசிரியரோடு உட்கார்ந்து நீங்களே தீர்மானிக்கலாம். படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் பிஎச்டி வரை போகிறார்கள் என்று விகிதம் போட்டால் ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னல், ஹார்வி மட் எல்லாம் வருடாவருடம் மேலே நிற்கின்றன. இந்தப் பெயர்கள் நம் கல்யாண வீட்டுப் பேச்சில் வராது, பட்டமேற்படிப்புக்கு ஆள் எடுப்பவர்களின் பேச்சில் வரும்.

எல்லாச் சின்னக் காலேஜும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அதற்கும் வருவேன்.

ஜூன் 15

எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

லேப் நேரத்தையும் பிராக்டிஸ் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

பயாலஜி, கெமிஸ்ட்ரி லேப்கள் பெரும்பாலும் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கி நான்கு, நான்கரை வரை போகும். பிராக்டிஸ் பல இடங்களில் நான்கு மணி, நாலரை மணி. சின்னக் காலேஜ் என்பதால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு இரண்டே லேப் பிரிவுதான் இருக்கும், சில சமயம் இரண்டும் மதியத்திலேயே வரும். பெரிய பல்கலைக்கழகத்தில் பத்துப் பிரிவிலிருந்து ஒன்றைப் பொறுக்கலாம்; இங்கே முடியாது. ஆக, சின்னக் காலேஜின் பெரிய பலமே இந்த ஓரிடத்தில் பலவீனமாகிறது.

சில கோச்சுகள் "செவ்வாய்க்கிழமை லேப் முடிந்து வா, உனக்காகக் காத்திருப்போம்" என்பார்கள். அதை மனதார சொல்கிறவர்களும் உண்டு. "வரலாம், ஆனால்..." என்று இழுக்கிறவர்களும் உண்டு. அந்த இழுப்பைக் கவனியுங்கள். தாமதமாக வருகிறவன் ஸ்டார்ட்டிங் ஐந்தில் இருக்கிறானா, எப்போதும் பெஞ்சிலா? இதை கோச்சிடம் கேட்டால் தெரியாது. டீமில் சயன்ஸ் படிக்கும் பையன்களிடம் கேட்க வேண்டும். டீமில் சயன்ஸ் படிக்கும் பையனே இல்லை என்றால் அதுவே பதில். ரோஸ்டரை, அதாவது டீம் பட்டியலை, வலைத்தளத்தில் எடுத்து, மேஜர் (முதன்மைப் பாடம்) என்ற பத்தியில் விரலை வைத்துக் கீழே வரை போங்கள். மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. முதல் வருடத்தில் எல்லோரும் ப்ரீ-மெட்தான், டாக்டராகப் போகிறவர்கள்தான்.

அப்புறம், காலேஜின் காலண்டர். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாஸ்கெட்பால் சீசன் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி முடிவு வரை போகும், நன்றாக ஆடினால் மார்ச். அதாவது இரண்டு செமஸ்டரின் மீதும் படுத்திருக்கும். டிசம்பர் தேர்வுகள் சீசனுக்கு நடுவில் வரும். கிறிஸ்துமஸ் முடிந்து மற்றவர்கள் வீட்டில் தூங்கும்போது இவர்கள் காலியான விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதைச் சில காலேஜ்களின் காலண்டர் எளிதாக்குகிறது. வில்லியம்ஸில் ஜனவரி முழுக்க விண்டர் ஸ்டடி, ஒரே ஒரு பாடம். மிடில்பெரியிலும் ஜனவரியில் அப்படித்தான். லீக் ஆட்டங்கள் சூடு பிடிக்கும் மாதத்தில் ஒரே பாடம் என்றால் எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். மினசோட்டாவின் கார்ல்டனில் வருடத்தை மூன்று பத்து வாரப் பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பருவம் நன்றிநவிலல் நாளுக்கு முன்பே முடிந்துவிடும், ஜனவரி வரை வகுப்பு இல்லை. டிசம்பரில் பரீட்சை பயம் இல்லாமல் ஆடலாம். ஆனால் குளிர்காலப் பருவம் பத்தே வாரம், ஓட்டமாக ஓடும். அந்தப் பத்து வாரமும் சீசனுக்குள் விழும். அந்தப் பருவத்தில் கடினமான லேப் எடுக்காமல் திட்டமிடத் தெரிந்த பையனுக்கு அது நல்ல இடம்.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க ஆசையா? கால்பந்து, அமெரிக்க ஃபுட்பால் பையன்கள் வசந்தகாலத்தில் போய்விடலாம். பாஸ்கெட்பால் பையனுக்கு இரண்டு செமஸ்டரும் அடிபடும். கோடையில்தான் வழி தேட வேண்டும். என் மகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, எனக்கும்.

ஜூன் 16

நேற்று எழுதியதில் கம்ப்யூட்டர் சயன்ஸ் விட்டுப்போயிற்று. அதில் லேப் மோதல் குறைவு. மோதுவது பயணத்தில்தான். நெஸ்காக் என்னும் நியூ இங்கிலாந்துச் சிறுகல்லூரி லீக்கில் பதினொரு காலேஜ்கள். வெள்ளி, சனி அடுத்தடுத்து ஆட்டம், எல்லாம் பஸ்தான். மெய்ன் மாநிலத்தில் மட்டும் பேட்ஸ், பௌடன், கோல்பி என்று மூன்று. யூஏஏ லீக்கில் என்ஒய்யூ (நியூயார்க் யூனிவர்சிட்டி), சிகாகோ, எமரி, கார்னகி மெலன், வாஷிங்டன் யூனிவர்சிட்டி எல்லாம் வரும். அட்லாண்டா, செயின்ட் லூயிஸ் என்று விமானத்தில் போவார்கள், வெள்ளி, ஞாயிறு ஆட்டம். மகனுக்கு விமான நிலையத்தில் உட்கார்ந்து கோட் எழுத வருமா என்று கேளுங்கள். சிலருக்கு வரும்.

ஜூன் 22

டல்லாஸிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார்: "கால் உடைந்து இனி ஆடவே முடியாது என்றானால் அந்தக் காலேஜில் இருப்பானா? இருப்பான் என்றால் சேருங்கள். இந்த ஒரு கேள்வி போதாதா?"

இங்கே எல்லோரும் சொல்வது அது. நல்ல கேள்வி, நாங்களும் கேட்டோம். ஆனால் அது பாதி என்று இப்போது நினைக்கிறேன் அம்மா. கால் உடையாமல் இருந்தால் என்ன என்பதுதான் பெரும்பாலான பையன்களுக்கு நடக்கப்போவது. வாரத்துக்கு ஆறு நாள் அந்தப் பதினைந்து இருபது பேரோடுதான் இருப்பான். சாப்பாடு அவர்களோடு, பஸ் அவர்களோடு, பல இடங்களில் அறையும் அவர்களோடு. ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் காலேஜில் டீம் என்பது ஒரு தனி ஊர். வில்லியம்ஸ், பௌடன் போன்ற இடங்களில் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதாவது ஒரு வார்சிட்டி டீமில் இருப்பவர். அந்தப் பையன்கள் இவனுக்குப் பிடிக்கவில்லையென்றால் காலேஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான்கு குளிர்காலம் நீளமாகத்தான் இருக்கும்.

கோச்சை மட்டும் நம்பியும் போகாதீர்கள். கோச்சுகள் வேலை மாறுவார்கள். டங்கன் ராபின்சன் கதை தெரிந்திருக்கும். 2013-14இல் வில்லியம்ஸில் முதல் வருடம், தேசிய இறுதியாட்டம் வரை போனார்கள், ஒயிட்வாட்டரிடம் 75-73 என்று தோற்றார்கள். அந்தக் கோடையில் கோச் மைக் மேக்கர் டிவிஷன் 1க்குப் போய்விட்டார். ராபின்சன் மிச்சிகனுக்கு மாறினார், அப்புறம் மயாமி ஹீட், என்பிஏ இறுதிச் சுற்று எல்லாம். அவருக்கு நல்லதாக முடிந்தது. அதே டீமில் மற்ற பையன்கள் அங்கேயே இருந்து, புது கோச்சிடம் ஆடி, படித்து முடித்தார்கள். உங்கள் மகன் அந்த மற்ற பையன்களில் ஒருவனாக இருப்பான் என்று வைத்துத் திட்டமிடுங்கள். என்பிஏ வந்தால் வரட்டும்!

ஜூலை 2

இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஜூலை பிறந்துவிட்டது, ப்ரீ-ரீட் தொடங்கிவிட்டது.

கடினமான காலேஜ்களில் கோச் உங்கள் மகனிடம் மதிப்பெண் பட்டியல், எஸ்ஏடி, பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் எல்லாம் வாங்கி அட்மிஷன் ஆபீஸில் கொடுப்பார். அவர்கள் பார்த்துவிட்டு வாய்ப்பு எப்படி என்று சொல்வார்கள். அது அட்மிஷன் கிடையாது. எழுத்தில் எதுவும் வராது. ஆனால் நல்ல பதில் வந்து, கோச்சும் "நீ என் பட்டியலில் இருக்கிறாய், ஏர்லி டிசிஷன் போடு" என்று நேரடியாகச் சொன்னால் அதற்குக் கனம் உண்டு.

நேரடியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். "உன்னை எங்களுக்குப் பிடித்திருக்கிறது", "தொடர்பில் இரு" என்பதெல்லாம் வேறு. மகன் கோச்சிடம் இப்படிக் கேட்கட்டும்: "அட்மிஷன் ஆபீஸில் எனக்காக உங்கள் ஆதரவைத் தருவீர்களா? என் இடத்தில் இன்னும் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்?" மரியாதையான கேள்விதான். நம் பையன்கள் பெரியவர்களிடம் இப்படிக் கேட்கத் தயங்குவார்கள். வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வையுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், மின்னஞ்சலும் நீங்கள் எழுதாதீர்கள். அப்பா எழுதிய மின்னஞ்சலை கோச்சுகள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ப்ரீ-ரீட் கேட்கும்போதே பண உதவிக்கும் ஒரு முன்மதிப்பீடு கிடைக்குமா என்று கேளுங்கள். பல காலேஜ்கள் செய்கின்றன. ஏர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும். உதவி போதவில்லை என்றால் விலக வழி உண்டு, இருந்தாலும் அந்த நிலைக்குப் பையனைக் கொண்டுபோக வேண்டாம்.

ஜூலை 5

கேம்ப்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கசப்பைச் சொல்கிறேன்.

ஒரு காலேஜிலிருந்து மகனுக்குக் கடிதம் வந்தது. "உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம், எங்கள் எலீட் கேம்புக்கு வா" என்று. அவனுடைய பெயர், பள்ளி எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். வீடே கொண்டாடியது. பணம் கட்டி, ஓட்டல் போட்டு, நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போனோம். ஜிம் முழுக்கப் பையன்கள், எல்லோர் கையிலும் அதே கடிதம். தலைமை கோச் தொடக்கத்தில் வணக்கம் சொன்னதோடு சரி. மகன் திரும்பும் வழியில் பேசவே இல்லை. ஒரு பதினாறு வயதுப் பையனின் நம்பிக்கையை வைத்துப் பணம் சேர்ப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கோச் மகனோடு போனில் பேசியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தைப் பார்த்து அதைப் பற்றிக் குறிப்பாக ஏதாவது எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் கேம்ப். டி3 கோச்சுகள் போன் செய்ய, செய்தி அனுப்ப டி1 போலக் கடுமையான கட்டுப்பாடு கிடையாது. ஆர்வம் இருந்தால் கூப்பிடுவார்கள்.

படிப்பில் கடினமான காலேஜ்களின் கோச்சுகள் பலர் ஒரே இடத்துக்கு வரும் கேம்ப்கள் இருக்கின்றன. அவை பயனுள்ளவை, ஒரே செலவில் பலர் பார்ப்பார்கள். காலேஜ் தேடித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் நிறுவனங்களுக்கு நான் பணம் தரமாட்டேன். ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ, மூன்று நிமிடத் தொகுப்பு, மதிப்பெண் பட்டியல், ஒரு நேர்மையான மின்னஞ்சல். எங்களுக்கு வேலை செய்தது அதுதான். முழு ஆட்ட வீடியோவில் பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறான் என்று பார்க்கிறார்கள்.

ஜூலை 19

ஆட நேரம் கிடைக்குமா என்ற கேள்வி.

இப்போது டிவிஷன் 1 கோச்சுகள் ஹைஸ்கூல் பையன்களை விட்டுவிட்டு, காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து இருபத்திரண்டு வயதுக்காரர்களை எடுக்கிறார்கள். அந்த அழுத்தம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. முன்பு டி1இல் இடம் கிடைத்திருக்கக்கூடிய பையன் டி2, டி2 பையன் டி3. அதனால் டி3 என்றால் பள்ளி ஆட்டம் போல என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மார்ச்சில் கனெக்டிகட்டின் டிரினிட்டியும் என்ஒய்யூவும் ஆடிய டி3 இறுதியாட்டத்தைப் பார்த்தால் புரியும், 64-60, டிரினிட்டி வென்றது.

ரோஸ்டரில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பதினைந்து, பதினாறு என்றால் சரி. இருபத்தைந்து, முப்பது என்றால் நிறுத்தி யோசியுங்கள். சில காலேஜ்கள் மாணவர் எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே கோச்சுக்கு இலக்கு வைக்கின்றன. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பார்கள், நான்காம் வருடத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய ரோஸ்டரை எடுத்து, அந்த முதல் வருடப் பையன்களில் யார் கடைசி வரை இருந்தார்கள் என்று பாருங்கள். எல்லாம் வலைத்தளத்திலேயே கிடக்கிறது.

கிரின்னல் இதில் தனி ரகம். அங்கே டேவிட் ஆர்சனோ வகுத்த ஆட்டமுறையில் ஐந்து பேர் மொத்தமாக இறங்குவார்கள், ஒரு நிமிடம் போல வெறித்தனமாக ஓடுவார்கள், ஐந்து பேரும் மொத்தமாக வெளியே வருவார்கள், அடுத்த ஐவர். எல்லோருக்கும் ஆட்டம் கிடைக்கும். ஆனால் 2012 நவம்பர் 20 அன்று ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி அடித்தார், 108 முறை ஷூட் செய்து! அந்த முறையை விரும்புகிறவர்களும் உண்டு, அது பாஸ்கெட்பாலே இல்லை என்பவர்களும் உண்டு. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். உங்கள் மகன் நிதானமாக ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு என்றால் அங்கே மூச்சு முட்டும்.

தோற்கும் டீம் பற்றியும் ஒரு வார்த்தை. கால்டெக் தங்கள் லீக்கில் தொடர்ந்து 310 ஆட்டங்கள் தோற்றது, 1985லிருந்து. 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸிடென்டலை 46-45 என்று வென்றார்கள். அந்த டீமில் ஆடியவர்கள் உலகிலேயே கடினமான பாடத்திட்டங்களில் ஒன்றைப் படித்துக்கொண்டே தினமும் பிராக்டிஸுக்கு வந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. உங்கள் மகன் தோல்வியைத் தாங்குவானா, தாங்காமல் சுருண்டுவிடுவானா என்பது உங்களுக்குத் தெரியும். அதையும் கணக்கில் எடுங்கள்.

அதே லீக்கில்தான், பின்னாளில் என்பிஏவின் ஸ்பர்ஸ் டீமுக்கு கோச்சான கிரெக் போப்போவிச் தலைமை கோச்சாகத் தொடங்கினார், 1979இல், போமோனா-பிட்சரில். முதல் சீசன் 2 வெற்றி, 22 தோல்வி, கால்டெக்கிடமும் தோற்றார்கள். 1986இல் லீக் பட்டம். குடும்பத்தோடு மாணவர் விடுதியில் குடியிருந்தார், காலேஜ் கமிட்டிகளில் உட்கார்ந்தார். 2025 மே மாதம் ஸ்பர்ஸ் கோச் பதவியை விட்டபோது எல்லோரும் ஐந்து என்பிஏ பட்டத்தைப் பற்றி எழுதினார்கள். நான் அந்த விடுதி வாழ்க்கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னக் காலேஜில் கோச் என்பவர் பல சமயம் இப்படித்தான், காலேஜின் ஓர் ஆளாக இருப்பார். போகும்போது பேராசிரியர்கள் கோச்சைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நின்று பேசுகிறார்களா என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 9

எல்லாச் சின்னக் காலேஜும் ஒரே மாதிரி இல்லை என்று ஜூனில் சொன்னேன் அல்லவா, அது இதைப் பற்றித்தான். காலேஜ்கள் மூடுகின்றன.

பென்சில்வேனியாவின் கப்ரினி 2012இல் டி3 இறுதியாட்டம் வரை போன காலேஜ். 2024இல் மூடிவிட்டார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் 2024 மே 31 அன்று மூடியது. அன்றைக்கு அவர்களுடைய பேஸ்பால் டீம் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. காலேஜே இல்லாத டீமாகப் பையன்கள் களத்தில் நின்றார்கள்.

ஆகவே பாருங்கள்: கடந்த சில வருடங்களில் மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா, துறைகளை மூடியிருக்கிறார்களா, நிதி அறிக்கையில் வருடாவருடம் துண்டு விழுகிறதா. கோச் பேச்சு இனிமையாக, உதவித்தொகை அளவுக்கு மீறித் தாராளமாக, விடுதி பாதி காலியாக இருந்தால் கேள்வி கேளுங்கள். அதே சமயம் தள்ளுபடி என்றாலே சந்தேகப்படவும் வேண்டாம். தனியார் காலேஜ்களில் அறிவித்த கட்டணத்தை முழுதாகக் கட்டுபவர்கள் இன்று குறைவு.

ஆகஸ்ட் 24

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி தனக்காகவே கேட்டிருக்கிறான். மாநில அளவில் ஆடியவன், பன்னிரண்டாவது படிக்கிறான். தம்பி, நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரி ஆட்டத்துக்காகச் சீட்டும் ஃபீஸும் டி3யில் எதிர்பார்க்காதே. குடும்ப வருமானம் குறைவு, மதிப்பெண் மிக உயரம் என்றால் ஆம்ஹர்ஸ்ட், பௌடன் இரண்டும் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பத்தைப் பணத் தேவையைப் பார்க்காமல் எடைபோடுகின்றன, சேர்ந்தால் தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. நுழைவது மிகக் கடினம். அதனால் இங்கேயும் ஒரு நல்ல காலேஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முயற்சி செய். கோச்சுக்கு வீடியோ அனுப்பும்போது எதிரணி எப்படிப்பட்டது என்று ஒரு வரி எழுது. அவர்களுக்கு நம் ஊர்ப் போட்டிகளின் தரம் தெரியாது.

செப்டம்பர் 27

எடிசன் நண்பர் மூன்று காலேஜ்களுக்குச் சுருக்கிவிட்டாராம். ஓர் இரவு டீமோடு தங்க அழைத்திருக்கிறார்கள். மிகவும் நல்லது.

நீங்கள் ஓட்டலில் இருங்கள், பையனை விட்டுவிடுங்கள். அவன் வகுப்பு ஒன்றில் உட்காரட்டும், டீமின் பயிற்சி ஆட்டம் இருந்தால் பார்க்கட்டும். இரண்டாம் வருடப் பையன் ஒருவனிடம், அதிகம் ஆட வாய்ப்பு கிடைக்காதவனிடம், பேசச் சொல்லுங்கள். என் மகன் முதல் வருடத்தில் அப்படித்தான் இருந்தான். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்து அவன் இறங்குவானா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், பல நாள் இறங்கமாட்டான். ஆனால் பஸ்ஸில் சீனியர் ஒருவன் அவனுக்குத் தெர்மோடைனமிக்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறான், அதே சீனியர் அந்த வாரம் என் மகனுக்கு எதிராக பிராக்டிஸில் முழு வேகத்தில் ஆடியும் இருக்கிறான். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் டீம்தான் நான் சொல்வது.

மூன்றிலும் உயிரியல் லேப் நேரம் என்ன? அதை இன்னும் நீங்கள் எழுதவில்லை.

அக்டோபர் 5

எழுதிவிட்டார். ஓரிடத்தில் எல்லா லேபும் நாலரை வரை, பிராக்டிஸ் நாலேகால். கோச் "சமாளிக்கலாம்" என்றாராம், பையன்கள் "சமாளிப்பது கஷ்டம், பாதிப் பேர் மேஜர் மாற்றிவிட்டார்கள்" என்றார்களாம். இன்னோர் இடத்தில் துறையே விளையாடுபவர்களுக்காக ஒரு காலை லேப் வைத்திருக்கிறது, டீமில் மூன்று சீனியர்கள் பயாலஜி. மகனுக்கு முதல் இடத்தின் ஜிம் பிடித்திருக்கிறது, புதிதாகக் கட்டியது. அது இயல்புதான், எனக்கும் பிடித்திருக்கும். நான் இரண்டாவதையே சொல்வேன், தயங்காமல்.

நவம்பர் 2

இரண்டாவது இடத்துக்கு ஏர்லி டிசிஷன் போட்டுவிட்டானாம். கோச் ஆதரவு நேரடியாகச் சொல்லியிருக்கிறார், பண முன்மதிப்பீடும் வீட்டுக்குத் தாங்கும் அளவில் வந்திருக்கிறது. மனம் நிறைந்த வாழ்த்து, மகனுக்கும் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும்.

முடிவு டிசம்பர் நடுவில் வரும். அதுவரை கை கட்டி உட்கார வேண்டாம். ரட்கர்ஸ், டிசிஎன்ஜே விண்ணப்பங்களை முடித்து வையுங்கள். மற்ற இரண்டு கோச்சுகளுக்கும் மகன் இன்றே நன்றி சொல்லி எழுதட்டும், வேறிடத்தில் போட்டுவிட்டேன் என்று. அவர்கள் அவனுக்காக வைத்திருக்கும் இடம் இன்னொரு பையனுக்குப் போக வேண்டும், அவனும் காத்திருப்பான். முதல் செமஸ்டர் மதிப்பெண் இறங்கக்கூடாது. அட்மிஷன் ஆபீஸ் அதையும் பார்க்கும். உங்கள் பக்கம் ஹைஸ்கூல் சீசன் தொடங்கியதும் முதல் முழு ஆட்ட வீடியோவை கோச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இடதுகைப் பாஸ் சரியாகிவிட்டதா என்று அவர் கேட்டிருந்தார் அல்லவா.